மோட்டார் சைக்கிளில் பற்றவைப்புக் கோளாறு கண்டறிதல்

மோட்டார் சைக்கிளில் பற்றவைப்புக் கோளாறு கண்டறிதல் என்பது, பெட்ரோல் எஞ்சினில் காற்று–எரிபொருள் கலவையைப் பற்றவைக்கும் தீப்பொறி உரிய நேரத்தில், உரிய வலுவுடன் கிடைக்கிறதா என்பதைப் படிப்படியாகச் சோதித்து, பழுதான உறுப்பை இனங்காணும் முறையாகும். பற்றவைப்பு அமைப்பு பட்டறைகளில் 'இக்னிஷன்' எனப்படுகிறது. ஸ்பார்க் பிளக்கில் தீப்பொறி எழாத நிலையைப் 'பிளக்கில் கரண்ட் வரவில்லை' என்று மெக்கானிக்குகள் கூறுவர்.

பற்றவைப்புக் கோளாறு கண்ணுக்குப் புலப்படாதது. எனவே பிளக், காயில், சி.டி.ஐ. என்று ஒவ்வோர் உறுப்பாக மாற்றிப் பார்க்கும் வழக்கம் பரவலாக உள்ளது. இவ்வழக்கத்தால் நல்ல நிலையிலுள்ள விலையுயர்ந்த உறுப்புகள் வீணாவதுடன், உண்மையான பழுது அப்படியே நின்றுவிடவும் கூடும். தீப்பொறி உண்டாகும் பாதையை அறிந்து, எளிய சோதனையிலிருந்து கடினமான சோதனைக்குச் சென்றால், பெரும்பாலான கோளாறுகளை ஒரு மல்டிமீட்டர், ஒரு பிளக் ஸ்பேனர், ஒரு நல்ல பிளக் ஆகியவற்றைக் கொண்டே கண்டறிய முடியும்.

தீப்பொறி உண்டாகும் முறை

ஸ்பார்க் பிளக்கின் நடு மின்முனைக்கும் எர்த் முனைக்கும் இடையே ஒரு மில்லிமீட்டருக்கும் குறைவான இடைவெளி உள்ளது. இவ்விடைவெளியைத் தாண்டி மின்சாரம் பாய்வதற்குப் பல ஆயிரம் வோல்ட் அழுத்தம் தேவை. வண்டியின் பேட்டரி 12 வோல்ட் மட்டுமே தரும். இந்த இடைவெளியை நிரப்புவது இக்னிஷன் காயில். இதில் குறைந்த சுற்றுகளைக் கொண்ட முதன்மைச் சுருளும், மிக அதிகமான சுற்றுகளைக் கொண்ட இரண்டாம் சுருளும் ஒரே இரும்பு உள்ளகத்தின் மேல் சுற்றப்பட்டுள்ளன. முதன்மைச் சுருளில் மின்னோட்டம் திடீரென மாறும்போது இரண்டாம் சுருளில் உயர் மின்னழுத்தம் தூண்டப்படுகிறது.

நான்கு ஸ்ட்ரோக் எஞ்சினில் இரண்டு சுற்றுகளுக்கு ஒருமுறை எரிதல் நிகழ்கிறது. நிமிடத்திற்கு 6000 சுற்றுகள் ஓடும் ஒற்றை சிலிண்டர் எஞ்சினில் இது நொடிக்கு 50 முறையாகும். ஆனால் பல வண்டிகளில் தீப்பொறிக்கான சைகை கிராங்க் தண்டில் உள்ள மேக்னெட்டிலிருந்து பெறப்படுவதால், ஒவ்வொரு சுற்றுக்கும் ஒரு தீப்பொறி எழுகிறது. அவற்றுள் ஒன்று அழுத்த ஸ்ட்ரோக்கின் முடிவிலும், மற்றொன்று பயனின்றிப் புகை வெளியேறும் ஸ்ட்ரோக்கின் முடிவிலும் எழும்.

பற்றவைப்பு அமைப்பின் வகைகள்

சோதனையைத் தொடங்கும் முன் வண்டியில் இருப்பது எவ்வகை அமைப்பு என்பதை அறிதல் இன்றியமையாதது. ஒரு வகைக்குப் பொருந்தும் முடிவு மற்றொன்றுக்குப் பொருந்தாது.

பாயிண்ட் வகை: கேம் ஒன்றின் சுழற்சியால் திறந்து மூடும் பாயிண்ட், முதன்மைச் சுருளின் மின்னோட்டத்தைத் துண்டிக்கிறது. சென்னை திருவொற்றியூரில் உருவான பழைய வார்ப்பிரும்பு எஞ்சின் புல்லட், மைசூரில் உருவான எஸ்டி போன்ற வண்டிகள் இவ்வகையைச் சேர்ந்தவை.

ஏ.சி. சி.டி.ஐ. வகை: மேக்னெட்டுக்குள் இருக்கும் எக்சைட்டர் காயில் உண்டாக்கும் மின்சாரம், சி.டி.ஐ. பெட்டியிலுள்ள மின்தேக்கியில் சேமிக்கப்படுகிறது. பிக்-அப் காயிலிலிருந்து சைகை வந்ததும் அது இக்னிஷன் காயிலுக்குள் ஒரேயடியாகப் பாய்கிறது. இவ்வகையில் தீப்பொறிக்குப் பேட்டரி தேவையில்லை.

டி.சி. சி.டி.ஐ. வகை: மின்தேக்கிக்கான மின்சாரம் பேட்டரியிலிருந்து பெறப்பட்டு, பெட்டிக்குள்ளேயே உயர்த்தப்படுகிறது. பேட்டரி தீர்ந்துபோனால் தீப்பொறியும் பாதிக்கப்படும்.

டிரான்சிஸ்டர் வகையும் இ.சி.யு. வகையும்: இவற்றில் பாயிண்ட் செய்த வேலையை டிரான்சிஸ்டர் செய்கிறது. எரிபொருள் உட்செலுத்தும் வண்டிகளில் இ.சி.யு. எனப்படும் கணினிப் பெட்டி, எரிபொருளையும் தீப்பொறியையும் சேர்த்தே கட்டுப்படுத்துகிறது. இந்தியாவில் 1 ஏப்ரல் 2020 முதல் பி.எஸ்.6 மாசு விதி நடைமுறைக்கு வந்தபின், பெரும்பாலான புதிய மோட்டார் சைக்கிள்கள் இம்முறைக்கு மாறின.

சாலையில் ஓடும் மோட்டார் சைக்கிள்களில் சி.டி.ஐ. அறிமுகமான தொடக்கக் கட்டத்தில், 1969இல் வெளிவந்த கவாசாகி எச்1 குறிப்பிடத்தக்கதாகும். தேய்ந்துபோகும் பாயிண்ட் இல்லாததால் அடிக்கடி சரிசெய்ய வேண்டிய தேவை இம்முறையில் நீங்கியது.

தீப்பொறிக் கோளாறும் எரிபொருள் கோளாறும்

வண்டி ஸ்டார்ட் ஆகவில்லை என்றாலே பற்றவைப்புக் கோளாறு என்று கொள்ளலாகாது. எரிபொருள் வராமை, அழுத்தம் குறைதல் ஆகியவையும் இதே விளைவைத் தரும். கீழ்க்காணும் அறிகுறிகள் வேறுபாட்டை உணர்த்தும்.

- ஓடிக்கொண்டிருக்கும் வண்டி, சாவியைத் திருப்பி நிறுத்தியதுபோல் ஒரே நொடியில் நின்றால், பெரும்பாலும் தீப்பொறி துண்டிக்கப்பட்டிருக்கும்.
- வேகம் படிப்படியாகக் குறைந்து, திணறி நின்றால் எரிபொருள் தடைப்பட்டிருக்க வாய்ப்பு அதிகம்.
- பலமுறை கிக்கரை மிதித்தபின் கழற்றிய பிளக் பெட்ரோலில் நனைந்திருந்தால், எரிபொருள் வருகிறது, ஆனால் பற்றவில்லை என்று பொருள்.
- பிளக் முற்றிலும் உலர்ந்திருந்தால் முதலில் பெட்ரோல் காக், கார்புரேட்டர் ஆகியவற்றைப் பார்க்க வேண்டும்.
- சைலன்சரில் வெடிச்சத்தம் கேட்டால், சில தீப்பொறிகள் தவறி, எரியாத கலவை சைலன்சருக்குள் சென்று எரிகிறது எனலாம். பட்டறைகளில் இது 'மிஸ்ஸிங்' எனப்படும்.

சிறிது தூரம் ஓடி நின்று, ஓய்வுக்குப் பின் மீண்டும் ஓடும் வண்டியில், பெட்ரோல் டேங்க் மூடியின் காற்றுத் துளை அடைபட்டிருப்பதும் உண்டு. நின்றவுடன் மூடியைத் திறந்தால் காற்று உள்ளே இழுக்கப்படும் ஒலி கேட்கும். உடனே வண்டி ஸ்டார்ட் ஆனால் கோளாறு பற்றவைப்பில் இல்லை.

முன்னெச்சரிக்கைகள்

பற்றவைப்புச் சோதனையில் உயர் மின்னழுத்தமும் பெட்ரோல் ஆவியும் அருகருகே இருக்கின்றன. பிளக்கைக் கழற்றிய துளையிலிருந்து கிக்கரை மிதிக்கும்போதெல்லாம் எரியக்கூடிய கலவை வெளியேறும். அத்துளையின் அருகே பிளக்கை வைத்துத் தீப்பொறி பார்த்தால் தீப்பற்றலாம். பாதுகாப்பான வழி, வண்டியின் பிளக்கை அதன் துளையிலேயே விட்டுவிட்டு, வேறொரு நல்ல பிளக்கைக் கேப்பில் மாட்டிச் சோதிப்பதாகும். பெட்ரோல் கசிவு இருந்தால் அதைச் சரிசெய்து துடைத்த பின்னரே சோதனையைத் தொடங்க வேண்டும்.

பிளக் ஒயரைக் கையில் பிடித்துக் கரண்ட் பார்ப்பது ஆபத்தானது. இதயமுடுக்கி பொருத்தியவர்கள் இயங்கும் பற்றவைப்பு உறுப்புகளிலிருந்து விலகியிருக்க வேண்டும். மேலும், பிளக் இல்லாமல் ஒயரைத் திறந்த நிலையில் தொங்கவிட்டுக் கிக்கரை மிதிக்கக் கூடாது. வெளியேற வழியில்லாத உயர் மின்னழுத்தம் காயிலின் உட்புறக் காப்பையோ சி.டி.ஐ.யையோ சேதப்படுத்தக்கூடும்.

முதற்கட்டச் சோதனை

கருவிகளை எடுக்கும் முன் சுவிட்சுகளைப் பார்த்தல் வேண்டும். கில் சுவிட்ச் தற்செயலாக நிறுத்த நிலைக்குத் தள்ளப்பட்டிருப்பது உண்டு. சில வண்டிகளில் சைடு ஸ்டாண்ட் சுவிட்ச், கிளட்ச் சுவிட்ச் ஆகியவை தீப்பொறியையோ ஸ்டார்ட்டரையோ தடுக்கும். சைடு ஸ்டாண்ட் சுவிட்சில் சேறு படிந்தால், ஸ்டாண்டை மடக்கியபின்னும் அது இறங்கியிருப்பதாகவே வண்டி உணரக்கூடும்.

பேட்டரியை நம்பியிருக்கும் வகைகளில் பியூஸையும் பேட்டரி முனைகளையும் பார்க்க வேண்டும். ஓய்வு நிலையில் முழுமையாகச் சார்ஜ் ஆன 12 வோல்ட் ஈய–அமிலப் பேட்டரி ஏறத்தாழ 12.6 வோல்ட் காட்டும். ஸ்டார்ட்டர் சுழலும்போது அழுத்தம் 10 வோல்ட்டுக்கும் கீழே வெகுவாகச் சரிந்தால், பேட்டரியோ அதன் இணைப்புகளோ பலவீனமாக உள்ளன. ஹாரனும் விளக்கும் இயங்குவதை மட்டும் கொண்டு பேட்டரி நன்றாக இருப்பதாக முடிவு செய்ய முடியாது.

ஸ்பார்க் பிளக்கைப் படித்தல்

கழற்றிய பிளக்கின் நிறம் எஞ்சினின் நிலையைத் தெரிவிக்கும்.

- இளம் பழுப்பு அல்லது சாம்பல் பழுப்பு: சரியான எரிதல்.
- உலர்ந்த கருங்கரி: கலவையில் பெட்ரோல் மிகுதி, சோக் நீண்ட நேரம் இயக்கத்தில் இருத்தல், அல்லது பலவீனமான தீப்பொறி.
- எண்ணெய்ப் பசையுள்ள கருமை: நான்கு ஸ்ட்ரோக் எஞ்சினில் பிஸ்டன் ரிங் அல்லது வால்வு சீல் தேய்மானம், இரண்டு ஸ்ட்ரோக்கில் எண்ணெய் மிகுதி.
- வெளிறிய வெண்மை, உருகிய முனை: மிகைச் சூடு, பெட்ரோல் குறைந்த கலவை, பொருந்தாத பிளக், அல்லது முன்கூட்டியே எழும் தீப்பொறி.

கரி மின்சாரத்தைக் கடத்தும் தன்மையுடையது. பீங்கான் மேல் கரி படிந்தால், மின்சாரம் இடைவெளியைத் தாண்டாமல் கரி வழியாகவே எர்த்துக்கு ஒழுகிவிடும். கரி பிடித்த பிளக்கால் வண்டி ஸ்டார்ட் ஆகாமல் போவது இதனால்தான்.

பிளக் இடைவெளியைப் பில்லர் கேஜ் கொண்டு அளக்க வேண்டும். சிறிய வண்டிகள் பலவற்றில் இது 0.6 முதல் 0.8 மி.மீ. வரை இருக்கும், அந்தந்த வண்டியின் கையேட்டு அளவே இறுதியானது. பிளக் வாங்கும்போது வெப்ப எண்ணையும் கவனிக்க வேண்டும். என்.ஜி.கே. பிளக்குகளில் எண் கூடக்கூடக் குளிர்ந்த வகையாகும். பாஷ் பிளக்குகளில் எண் கூடக்கூடச் சூடான வகையாகும். இரண்டையும் ஒன்றெனக் கருதி மாற்றினால் எஞ்சின் பாதிக்கப்படலாம்.

தீப்பொறிச் சோதனை

நல்ல பிளக் ஒன்றைக் கேப்பில் மாட்டி, அதன் உலோக உடலை எஞ்சினின் பெயின்ட் இல்லாத பகுதியில் உறுதியாகத் தொடும்படி வைத்து, கிக்கரை மிதிக்க வேண்டும். நீலம் கலந்த வெண்ணிறத்தில், தெளிவான ஒலியுடன் எழுவது வலுவான தீப்பொறி. மெல்லிய மஞ்சள் அல்லது ஆரஞ்சு நிறப் பொறி பலவீனத்தின் அடையாளம். பகல் வெயிலில் நல்ல பொறியும் மங்கலாகத் தெரியும் என்பதால் நிழலில் பார்ப்பது நல்லது.

இச்சோதனைக்கு ஒரு வரம்பு உண்டு. வெளிக்காற்றில் எழும் தீப்பொறி சிலிண்டருக்குள்ளும் எழும் என்பதற்கு உறுதியில்லை. அழுத்தப்பட்ட வாயுவில் அதே இடைவெளியைத் தாண்டுவதற்கு மிகுந்த மின்னழுத்தம் வேண்டும். பலவீனமான காயில் வெளியே பொறி காட்டிவிட்டு, உள்ளே தோற்றுப்போகும். பளு ஏறும்போது மட்டும் வண்டி மிஸ் ஆவதற்கு இது ஒரு காரணம். இதனால், இடைவெளியைக் கூட்டிக் குறைக்கத்தக்க தீப்பொறிச் சோதனைக் கருவி பயன்படுத்தப்படுகிறது. வெளிக்காற்றில் குறைந்தது 6 மி.மீ. இடைவெளியைத் தீப்பொறி தாண்ட வேண்டும் எனச் சில தயாரிப்பாளர்களின் கையேடுகள் குறிப்பிடுகின்றன.

கேப், ஒயர், காயில்

புதிய பிளக்கிலும் தீப்பொறி இல்லையெனில் அடுத்துப் பார்க்க வேண்டியது பிளக் கேப். பல கேப்களுக்குள் வானொலி இரைச்சலைத் தடுக்கும் மின்தடை ஒன்று உள்ளது. இது பொதுவாக 5,000 ஓம் அளவில் இருக்கும். மல்டிமீட்டர் இணைப்பே இல்லை என்று காட்டினால் கேப் பழுது. திருகி மாட்டும் வகைக் கேப்பில், ஒயரின் நுனி பச்சை பூத்து அரித்திருந்தால், ஒயரில் போதிய நீளம் இருக்கும்போது ஐந்தாறு மில்லிமீட்டரை வெட்டிவிட்டு மீண்டும் திருகினால் இணைப்பு சீராகும்.

சி.டி.ஐ. வண்டிகளின் காயிலில் முதன்மைச் சுருளின் மின்தடை பெரும்பாலும் ஓர் ஓம் அளவிலோ அதற்கும் குறைவாகவோ இருக்கும். இரண்டாம் சுருள் பல ஆயிரம் ஓம் காட்டும். அளவு சரியாக இருந்தாலும் காயில் நல்லதென்று முழுமையாக நம்ப முடியாது. மல்டிமீட்டர் சிறு மின்னழுத்தத்தில் அளப்பதால், உயர் மின்னழுத்தத்தில் மட்டும் உடையும் காப்பை அது காட்டாது. இருட்டில் வண்டியை ஓடவிட்டுப் பார்த்தால், கசியும் இடத்தில் நீல நிறப் பொறி தெரியும்.

மழைக்காலத்தில் மட்டும் தோன்றும் கோளாறுக்கும் இக்கசிவே பெரும்பாலும் காரணம். விரிசல் விட்ட கேப்புக்குள்ளோ ஒயர் உறைக்குள்ளோ ஈரம் புகுந்து, எர்த்துக்குப் பாதை அமைத்துவிடுகிறது. உலர்ந்ததும் கோளாறு மறைந்துவிடுவதால், நீரைச் சாரலாகத் தெளித்துக் கோளாறை மீண்டும் தோற்றுவித்துப் பார்ப்பது உண்டு.

சுவிட்ச் ஒயரைத் தனிப்படுத்துதல்

ஏ.சி. சி.டி.ஐ. வண்டிகளில் சாவியும் கில் சுவிட்சும் ஓர் ஒயரை எர்த்துடன் இணைத்தே எஞ்சினை நிறுத்துகின்றன. அவ்வொயர் எங்கேனும் உரசி, உறை கிழிந்து பிரேமைத் தொட்டால், எல்லா உறுப்புகளும் நன்றாக இருந்தும் தீப்பொறி வராது. ஹேண்டில் திரும்பும் இடத்தில் இது அடிக்கடி நேர்கிறது. சி.டி.ஐ. இணைப்பியில் அந்த ஒயரை மட்டும் கழற்றிச் சோதிக்கும்போது தீப்பொறி வந்தால், பழுது சுவிட்சிலோ ஒயரிலோ உள்ளது, சி.டி.ஐ. நல்லதே. ஒயர் கழற்றிய நிலையில் சாவியால் எஞ்சினை நிறுத்த முடியாது என்பதை முன்கூட்டியே நினைவில் கொள்ள வேண்டும்.

டி.சி. வகையில் இதற்கு மாறாக, சாவியைத் திருப்பியதும் சி.டி.ஐ. இணைப்பிக்குப் பேட்டரி அழுத்தம் வருகிறதா என்று அளக்க வேண்டும். ஒயர்களின் நிறம் தயாரிப்பாளருக்குத் தயாரிப்பாளர் மாறுபடுவதால் ஒயரிங் வரைபடத்தைப் பார்த்தே ஒயரை அடையாளம் காண வேண்டும்.

பிக்-அப், எக்சைட்டர், சி.டி.ஐ.

பிக்-அப் காயிலின் மின்தடை பல வண்டிகளில் 100 முதல் 300 ஓம் வரை இருக்கும். அளவு முடிவிலியாக இருந்தால் சுருள் அறுந்துள்ளது. பூஜ்ஜியமாக இருந்தால் ஷார்ட் ஆகியுள்ளது. பிக்-அப்பின் முனையில் இரும்புத்தூள் ஒட்டியிருப்பதும், மேக்னெட்டுக்கும் அதற்கும் உள்ள இடைவெளி மாறியிருப்பதும் சைகையைப் பலவீனமாக்கும். எக்சைட்டர் காயிலையும் இவ்வாறே கையேட்டு அளவுடன் ஒப்பிட வேண்டும்.

சி.டி.ஐ. பெட்டியைச் சாதாரண மல்டிமீட்டரால் நம்பத்தகுந்த முறையில் சோதிக்க இயலாது. எனவே அது இறுதியாகவே ஐயத்துக்கு உள்ளாக வேண்டும். உள்ளே வரும் மின்சாரம், பிக்-அப் சைகை, எர்த் இணைப்பு, காயில் ஆகிய நான்கும் சரியாக இருந்தும் தீப்பொறி இல்லையெனில், அதே மாதிரி வண்டியின் நல்ல சி.டி.ஐ.யை மாட்டிப் பார்க்கலாம். வேறு மாதிரி வண்டியின் பெட்டி இணைப்பியில் பொருந்தினாலும், அதன் நேரக் கணக்கு மாறுபடலாம்.

சூடானபின் தோன்றும் கோளாறு: ஓர் எடுத்துக்காட்டு

100 சி.சி. வண்டி ஒன்று காலையில் முதல் உதையிலேயே ஸ்டார்ட் ஆகிறது. 30 கி.மீ. ஓடியபின் நெடுஞ்சாலையில் திடீரென நிற்கிறது. அரைமணி நேரம் கழித்து மீண்டும் ஓடுகிறது. பிளக் மாற்றியும் கார்புரேட்டரைச் சுத்தம் செய்தும் பயனில்லை. பட்டறைக்குக் கொண்டுசெல்வதற்குள் எஞ்சின் ஆறிவிடுவதால், அங்கே எல்லா அளவும் சரியாகவே உள்ளது.

இந்நிலையில் சோதனையை வண்டி நின்ற இடத்திலேயே, சாலையோரம் பாதுகாப்பாக ஒதுக்கிய உடனே செய்ய வேண்டும். டேங்க் மூடியைத் திறந்தும் மாற்றமில்லை என்பதால் காற்றுத் துளை காரணமன்று. உபரிப் பிளக்கில் தீப்பொறி இல்லை என்பதால் கோளாறு பற்றவைப்பில் உள்ளது உறுதியாகிறது. கில் சுவிட்ச் ஒயரைக் கழற்றியும் தீப்பொறி இல்லை. ஆகவே சுவிட்ச் காரணமன்று. காயில் அளவு சரியாக உள்ளது. ஆறியபோது 200 ஓம் காட்டிய பிக்-அப், இப்போது முடிவிலி காட்டுகிறது. சுருளுக்குள் நுண்ணிய முறிவு ஒன்று வெப்பத்தில் விரிந்து இணைப்பைத் துண்டிக்கிறது. ஆறியதும் முனைகள் மீண்டும் தொட்டுக்கொள்கின்றன. மாற்ற வேண்டியது பிக்-அப் மட்டுமே. ஆறிய நிலையில் எடுத்த அளவை மட்டும் நம்பியிருந்தால், சி.டி.ஐ. வீணாக மாற்றப்பட்டிருக்கும், வண்டியும் மீண்டும் வழியில் நின்றிருக்கும்.

பாயிண்ட் வகை வண்டிகள்

பழைய புல்லட்டில் பாயிண்ட் இடைவெளி 0.35 முதல் 0.40 மி.மீ. வரை இருக்க வேண்டும். பாயிண்ட் முகங்களில் எண்ணெய்ப் படலமோ துருவோ இருந்தால் மின்னோட்டம் தடைப்படும். மெல்லிய உப்புத்தாளால் தேய்த்துத் துடைத்து இடைவெளியை மீண்டும் அமைக்க வேண்டும். பாயிண்ட் திறக்கும்போது அதன் முகங்களுக்கிடையே பெரிய பொறிகள் தெரிந்தாலோ, முகங்கள் விரைவில் கருகிக் குழி விழுந்தாலோ கண்டென்சரைச் சந்தேகிக்கலாம். இடைவெளியை மாற்றினால் பற்றவைப்பு நேரமும் மாறும் என்பதால், அதன்பின் டைமிங்கைச் சரிபார்த்தல் அவசியம்.

வலுவான தீப்பொறி இருந்தும் ஓடாத வண்டி

தீப்பொறி வலுவாக இருந்தும் நேரம் தவறினால் எஞ்சின் ஓடாது. கிக்கர் காலை எதிர்த்து உதைப்பதும் கார்புரேட்டர் வழியாக வெடிப்பதும் இதன் அறிகுறிகள். மேக்னெட்டைக் கிராங்க் தண்டில் நிலைநிறுத்தும் சிறிய சாவித்துண்டு வெட்டுப்பட்டு, மேக்னெட் நகர்ந்திருப்பது ஒரு காரணம். டைமிங் லைட் கொண்டு மேக்னெட்டிலுள்ள குறியைப் பார்த்து இதை உறுதிப்படுத்தலாம்.

எரிபொருள் உட்செலுத்தும் வண்டிகள்

இவ்வண்டிகளில் மீட்டரில் உள்ள எஞ்சின் எச்சரிக்கை விளக்கு முதல் தடயமாகும். பல மாதிரிகளில் அது மின்னும் எண்ணிக்கையைக் கொண்டோ, சோதனைக் கருவியை இணைத்தோ பிழைக்குறியை அறியலாம். கிராங்க் நிலை உணரி பழுதானால் தீப்பொறியும் எரிபொருளும் ஒருசேர நின்றுவிடும். வண்டி கீழே விழுந்தபின் ஸ்டார்ட் ஆகாவிட்டால், சாய்வு உணரி எஞ்சினைத் தடுத்திருக்கலாம். வண்டியை நிமிர்த்திச் சாவியை ஒருமுறை அணைத்துப் போடுவதே பல மாதிரிகளில் போதுமானது. குறைந்த பேட்டரியில் இ.சி.யு.வும் பெட்ரோல் பம்பும் இயங்காது போவதால், இவற்றில் பேட்டரிச் சோதனையே முதலில் வர வேண்டும்.

பராமரிப்பு

பிளக்கைக் கையேட்டில் குறித்த தொலைவில் சோதித்து மாற்றுதல், எர்த் இணைப்புகளைத் துருவின்றி வைத்தல், ஹேண்டில் அருகே ஒயர்கள் உரசாமல் கட்டுதல், மழைக்கு முன் கேப்பின் ரப்பர் உறையைப் பார்த்தல் ஆகியவை பெரும்பாலான கோளாறுகளைத் தவிர்க்கும். புதிய பிளக்கைப் பொருத்தும்போது முதலில் கையாலேயே திருகி மரை சரியாக ஏறுவதை உறுதிசெய்ய வேண்டும். வாஷர் உள்ள வகையெனில் அதன்பின் ஸ்பேனரால் ஏறத்தாழ அரைச் சுற்று இறுக்கினால் போதும். மிகையாக இறுக்கினால் அலுமினிய ஹெட்டின் மரை கழன்றுவிடும். நெடும்பயணத்தில் ஒரு நல்ல பிளக்கும் பிளக் ஸ்பேனரும் உடன் இருந்தால், வழியில் நின்ற வண்டியின் கோளாறு பற்றவைப்பிலா எரிபொருளிலா என்பதைச் சில நிமிடங்களில் தீர்மானித்துவிடலாம்.